சாப்பிட்டால் மூன்று மணி நேரம்

ஒர்னெல்லா கண் விழித்தபோது மணி மூன்று பத்து. கேரவனின் எதிர்க் கட்டிலில் மகள் இல்லை. தலையணையைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை.

வியோலாவுக்கு ஏழு வயது. கழிப்பறைக்குப் போயிருப்பாள் என்று நினைத்துச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். ஐந்து கதவுகளையும் தள்ளிப் பார்த்தாள். ஐந்தும் காலி. குழாயடியில் யாரோ விட்டுப்போன சோப்பு வெயிலில் இளகிக் கிடந்தது.

இரண்டிலிருந்து நான்கு வரை அந்தக் கடலோர விடுமுறை முகாமில் ஓய்வு நேரம். வண்டி எடுக்கக் கூடாது. பந்து தட்டக் கூடாது. ஒலிபெருக்கி பேசாது. பைன் தோப்பில் சில்வண்டுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. ஒர்னெல்லா மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மெதுவாகத்தான் கூப்பிட்டாள். அந்த நேரத்தில் குரல் எழுப்பிப் பழக்கமில்லை.

பக்கத்துக் கூடாரத்து யொலாந்தா சாய்வு நாற்காலியில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக ஆகஸ்டு மாதம் அதே மரத்தடியில் கூடாரம் போடுகிறவள்.

“சின்யோரா, வியோலாவப் பாத்தீங்களா?”

“உன்கூடத் தூங்கல?”

“இல்ல.”

“பூனைக்குட்டி பாக்கப் போயிருக்கும். குழாயடிக்குப் பின்னாடி நாலு போட்டிருக்கு.”

“அங்க இல்ல. கடல் பக்கம் போயிட்டாளோன்னு...”

“மத்தியானம் சாப்பிட்டாளா?”

“ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டா.”

“அப்புறம் என்ன மகளே? சாப்பிட்ட பிள்ளை தண்ணில கால் வைக்காது. என் பேரனுக்கு மீசை வந்திருச்சு, இன்னிக்கும் கடிகாரத்தப் பாத்துட்டுத்தான் எறங்குவான். போய் அந்தக் காபிய அடுப்புல வை. வாசனை பிடிச்சு வந்துருவா.”

ஒர்னெல்லாவுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. சோறு சாப்பிட்டால் மூன்று மணி நேரம். பழத்துக்கு ஒரு மணி. ஐஸ்கிரீமுக்கு அரை. வயிறு செரிக்கும்போது தண்ணீரில் இறங்கினால் உள்ளே எல்லாம் நின்றுபோகும், கல் மாதிரி அடியில் போய்விடுவாய். இவளுக்கு அம்மா சொன்னது. இவள் வியோலாவுக்குச் சொன்னது. ஒன்றரைக்குச் சாப்பாடு முடிந்தது, நாலரை வரை கடல் கிடையாது. தினமும் வியோலா அலாரக் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, “இப்ப எவ்வளவு ஆச்சு, இன்னும் எவ்வளவு?” என்று உயிரை எடுப்பாள்.

இன்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அந்த நிம்மதியில்தான் ஒர்னெல்லா தூங்கிப்போனாள்.

கேரவனுக்குத் திரும்பினாள். கொடியில் கையில் மாட்டும் இரண்டு மிதவைகளும் தொங்கின. அவற்றுக்கு நடுவில் காலையில் காயப்போட்ட நீச்சலுடை இல்லை. மேஜைக் கிண்ணத்தில் மூன்று பீச் பழங்கள் வைத்திருந்தாள். இரண்டு இருந்தன.

படியோரமாக எறும்புகள் வரிசை போட்டுப் போயின. அவை கேரவனுக்கு அடியில் நுழைந்தன. ஒர்னெல்லா முட்டி போட்டுக் குனிந்தாள். சக்கரத்துக்குப் பின்னால் காகிதக் கைக்குட்டை மூடிய ஒரு பிளாஸ்டிக் தட்டு. எடுத்துத் திறந்தாள். சூரை மீனும் ஆலிவும் போட்ட குளிர் சோறு. இரண்டு தடவை வாங்கியதும் அப்படியே இருந்தது.

சாப்பிடாதவள் காத்திருக்க வேண்டியதில்லை.

முட்டி போட்டபடியே தட்டைத் தூக்கி யொலாந்தாவுக்குக் காட்டினாள். யொலாந்தா தட்டைப் பார்த்தாள். வெற்றுக் காலோடு நாற்காலியை விட்டு இறங்கினாள்.

“நீ கரைக்கு ஓடு. நான் வாசல்காரன்கிட்டப் போறேன்.”

“மைக் போட மாட்டாங்களே.”

“ஓய்வு நேரமும் மண்ணாங்கட்டியும். போட வைக்கிறேன். நீ ஓடு.”

தோப்பைத் தாண்டும்போதே காற்று முகத்தில் அடித்தது. காலையில் எண்ணெய் மாதிரி கிடந்த கடல் வெள்ளை வெள்ளையாகப் புரண்டுகொண்டிருந்தது. கம்பத்தில் சிவப்புக் கொடி. கரையில் ஆளில்லை, குடைகள் மட்டும். பின்னால் ஒலிபெருக்கி கரகரத்து, மகளின் பெயரையும் நீச்சலுடையின் நிறத்தையும் சொன்னது. மஞ்சள். சில்வண்டுகள் ஒரு கணம் நின்றன.

துயிலியோ கரைக் காவலர். சாப்பாட்டு நேரம் முடிந்து அப்போதுதான் குடிசையிலிருந்து வந்தார். ஒர்னெல்லா சொன்னதைப் பாதியிலேயே புரிந்துகொண்டார்.

“காத்து மெத்தை எடுத்துட்டுப் போனாளா?”

“இல்ல.”

“கை மிதவை?”

“கொடியில தொங்குது.”

“நீச்சல் தெரியுமா?”

“கால் தரை தட்டற வரைக்கும்.”

அவர் கடலைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மணலைப் பார்க்கவே இல்லை.

பிறகு அவர் கையை நெற்றியில் வைத்துச் சூரியனைப் பார்த்தார்.

“தொலையற பிள்ளைங்க வெயிலுக்கு முதுகு காட்டித்தான் நடக்கும் சின்யோரா. கண் கூசும்ல. முப்பது வருஷமாப் பாக்கறேன். வடக்கதான் போயிருப்பா.”

“தண்ணில எறங்கியிருந்தா?”

அவர் படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். “காத்தும் அந்தப் பக்கந்தான் தள்ளுது. நீங்க கரையில ஓடுங்க. நான் தண்ணில வர்றேன்.”

அவள் ஓடினாள். ஈர மணலில் சின்னக் காலடிகள் ஏதும் இல்லை. இருந்தாலும் அலை அழித்திருக்கும். ஓரிடத்தில் நுரைக்குள் மஞ்சளாக ஒன்று புரண்டது. இடுப்பளவு தண்ணீரில் பாய்ந்து பிடித்தாள். வாளியின் மூடி. அதைத் தூக்கி எறிய மறந்து கையில் பிடித்தபடியே ஓடினாள். புருஷன் நாளைக்கு வருவான். வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு ராத்திரி போகிறவன். வாசலில் காரை நிறுத்தி, எங்கே என் பொண்ணு என்பான்.

ஒரு கிலோமீட்டர் தாண்டிக் கால்வாய் கடலில் விழும் இடம். காலையில் அங்கே மணல் திட்டு மேலே தெரியும். பிள்ளைகள் முழங்கால் நனையாமல் அக்கரைக்குப் போய்ச் சிப்பி பொறுக்குவார்கள். இப்போது திட்டு இல்லை. கடல் உள்ளே தள்ள, கால்வாய் வெளியே தள்ள, நடுவில் பழுப்புத் தண்ணீர் சுழன்றது.

அக்கரையில், பூட்டிக் கிடந்த மீன் வலைக் குடிசைக்கு முன்னால், மஞ்சள் நீச்சலுடையில் வியோலா நின்றாள்.

“அம்மா.”

அழுதுகொண்டே தண்ணீரை நோக்கி வந்தாள்.

“வராத. அங்கயே நில்லு.”

நிற்கவில்லை. கணுக்கால் நனைந்தது. முழங்கால் நனைந்தது. ஒர்னெல்லா திரும்பிப் பார்த்தாள். துயிலியோவின் படகு தொலைவில் ஓர் அலையில் ஏறி அடுத்ததில் மறைந்தது. நில்லு என்று கத்தினாள், தானே இதுவரை கேட்டிராத குரலில். குழந்தை இன்னும் பயந்து வேகமாக வந்தது. தண்ணீர் அதன் இடுப்பைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்தது.

ஒர்னெல்லா குரலைத் தணித்தாள். சாப்பாட்டு மேஜையில் கேட்பது மாதிரி கேட்டாள்.

“வியோலா. பீச் பழம் தின்னியா?”

வியோலா நின்றாள்.

“தின்னேன்.”

“எப்ப?”

“இப்பத்தான். கொட்டைகூட அங்க இருக்கு.”

“அப்ப தண்ணில என்ன பண்ற?”

குழந்தை கீழே பார்த்தது. இடுப்பளவு தண்ணீரைப் பார்த்து அதன் முகம் மாறியது. ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தது. இன்னொன்றையும் வைத்தது. மணலில் ஏறி வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

“பழத்துக்கு ஒரு மணிதானே? மூணு இல்லயே?”

“ஒண்ணுதான். உக்காரு.”

உட்கார்ந்தது. மூக்கைப் புறங்கையால் துடைத்தது. பக்கத்தில் கிடந்த கொட்டையை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டது.

“கொஞ்ச நேரம் தண்ணில நின்னுட்டேனே. ஏதாவது ஆயிடுமா?”

“ஆகாது. உக்காந்தே இரு.”

ஒர்னெல்லாவும் உட்கார்ந்தாள். படகு இப்போது தெரிந்தது. துயிலியோ எழுந்து நின்று, ஒரு துடுப்பைக் குத்தி, படகின் மூக்கைக் கால்வாய்க்குள் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் அக்கரை சேர இன்னும் முப்பது, நாற்பது வீச்சு வேண்டும்.

“இப்ப எவ்வளவு ஆச்சு?” என்று வியோலா கேட்டாள்.

ஒர்னெல்லாவின் கையில் கடிகாரம் இல்லை. வாளி மூடியை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள். மறு கையைத் தூக்கி வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள், குழந்தைக்குத் தெரிகிற மாதிரி.

“அஞ்சு நிமிஷம்.”

“இன்னும் எவ்வளவு?”

“நிறைய,” என்றாள். “கேட்டுட்டே இரு.”