மாதிரிக்குக் கொண்டுபோன டிஸ்க்

ஷஃபியுல்லா எது வாங்கப் போனாலும் மாதிரி இல்லாமல் போகமாட்டார். லப்பைக்குடிகாட்டில் முப்பது வருஷம் துணிக்கடை நடத்தியவர். ரவிக்கைத் துணிக்குச் சேலை, மூடிக்குப் பாத்திரம், செருப்புக்குப் பழைய செருப்பு என்று எதையாவது பையில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவார். கடைக்காரன் பேச்சை நம்பக்கூடாது, மாதிரியைத்தான் நம்பவேண்டும் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சிதான் அன்றைக்கு அவரைக் கவிழ்க்கப் பார்த்தது.

துபாயிலிருந்து மகன் அஸ்ஃபாக், ஊருக்கு வந்த ஒருவர் வசம் ஒரு கறுப்புப் பெட்டி கொடுத்தனுப்பியிருந்தான். முன்பக்கம் டிஸ்க் செருக இரண்டு அறை, இரண்டும் காலி. வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் கொஞ்ச நாளாக ‘டொக் டொக்’ என்று சத்தம் போடுகிறது என்று அவன் மனைவி ஷஹானா போனில் அழுதிருந்தாள். மகள் அஸ்ரின் பிறந்ததிலிருந்து எடுத்த வீடியோவெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. கேமராவின் ஒரே கேசட்டில் மேல்மேலே எடுத்துவிட்டதால் வேறெங்கும் நகல் இல்லை. மகள் வயிற்றில் இருக்கும்போது விமானம் ஏறியவன் அஸ்ஃபாக். அவள் குப்புற விழுந்ததையும் பார்க்கவில்லை, எழுந்து நடந்ததையும் பார்க்கவில்லை. லீவில் வந்ததும் முதல் வேலையாக அதையெல்லாம் பார்க்கவேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தான்.

“பெட்டிக்குள்ள போட ரெண்டு டிஸ்க் வேணும் அத்தா. ரெண்டும் ஒரே அளவுல இருக்கணும். ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணுல படம் இருக்கும்” என்று போனில் சொல்லியிருந்தான்.

ஷஹானா குழந்தையோடு தாய்வீடு போயிருந்த காலை நேரம். ஷஃபியுல்லா கணக்குப் போட்டார். வீட்டிலேயே ஒரு டிஸ்க் இருக்கிறதே, அதோடு ஜோடியாக இன்னொன்று வாங்கினால் போதாதா? படம் தெரிவது திரையில், ஆகவே படம் இருப்பதும் திரையில்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு. கம்ப்யூட்டரைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றினார். கறுப்புப் பெட்டியில் செருகினார். போகவில்லை. முழங்காலை முட்டுக்கொடுத்து அழுத்திப் பார்த்தார், அப்போதும் போகவில்லை. டிஸ்க்கின் பின்னால் வரிசையாக முள், பெட்டிக்குள்ளோ மெல்லிய தகடு. இரண்டையும் ஒருசேரத் திட்டித் தீர்த்துவிட்டு, பையில் போட்டுக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் இளையபெருமாளின் கம்ப்யூட்டர் கடை.

“இது முள்ளு வச்ச பழைய ஐடிஇங்க பாய். உங்க பெட்டி கேக்கறது தகடு வச்ச சாட்டா.”

“ரெண்டும் டிஸ்க்குதானே?”

“ஆமாங்க.”

“ரெண்டும் படம் வைக்கறதுதானே?”

“ஆமாங்க.”

“அப்புறம் என்னத்துக்கு வேற வேற வாயி?”

இளையபெருமாள் பெட்டிக்குப் பொருந்துகிற இரண்டு புது டிஸ்க்கை எடுத்து வைத்தான். ஒன்றில் இருநூற்றைம்பது என்றிருந்தது, மற்றதில் நூற்றறுபது.

“ரெண்டையும் போட்டா மொத்தம் எவ்ளோ புடிக்கும்?”

“நூத்தறுபதுங்க.”

“கூட்டிச் சொல்லுப்பா.”

“கூட்டக்கூடாதுங்க. ஒண்ணுல எழுதறத அப்படியே இன்னொண்ணுலயும் எழுதும். சின்னதுல புடிக்கற அளவுதான் கெடைக்கும். மிச்சம் சும்மா கெடக்கும்.”

இரண்டு துண்டைச் சேர்த்தால் நீளம் குறையும் என்று முப்பது வருஷத்தில் ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. கடைசியில் ஒரே அளவில் இரண்டு எடுத்துக்கொண்டார். பழையதைத் திரும்பப் பையில் வீசப்போனபோது இளையபெருமாள் கையைப் பிடித்தான்.

“இதுல ஏதும் இருக்கா பாய்?”

“இதுல என்ன இருக்கு? படமெல்லாம் வூட்டுல திரையில இருக்கு.”

இளையபெருமாள் சிரிக்கவில்லை. “திரையில ஒண்ணும் இருக்காதுங்க. எல்லாமே இதுக்குள்ளதான். குலுங்காம மடியில வச்சுக்கிட்டுப் போங்க.”

ஷஃபியுல்லா பஸ்ஸில் வழி நெடுக ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிஸ்க்கை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வீட்டில், தாய்வீட்டிலிருந்து திரும்பியிருந்த ஷஹானா, வாய் பிளந்து கிடந்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அழுது கண் சிவந்திருந்தது.

“மாமா, அதுலதானே அஸ்ரின் இருக்கா!”

அவர் டிஸ்க்கை நீட்டினார். அவள் வாங்கி, பழைய இடத்தில் மாட்டி, சுவிட்சைப் போட்டாள். டொக். டொக். இத்தனை நாள் பயமுறுத்திய சத்தம் அன்று நிற்காமல் கேட்கவேண்டுமே என்று இருவரும் துஆ கேட்டார்கள். வெகுநேரம் கழித்துத் திரை விழித்தது. வீடியோவெல்லாம் இருந்தது. ஷஹானா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அஸ்ஃபாக்கின் போன் வந்தது. அவன் சொல்லச் சொல்ல, ஷஃபியுல்லா புது டிஸ்க் இரண்டையும் பெட்டியில் செருகினார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கின.

“இப்ப முன்னாடி பட்டன அமுக்கிப் புடிங்கத்தா. உள்ள போட்ட டிஸ்க்குல என்ன இருந்தாலும் மொதல்ல சுத்தமா அழிச்சிரும். அப்புறம்தான் படத்த ஏத்தணும். புதுசுதானே, பயமில்ல.”

பட்டனுக்குப் போன விரல் அப்படியே நின்றது. காலையில் முழங்காலால் அழுத்தினாரே, அந்தப் பழைய டிஸ்க் மட்டும் உள்ளே போயிருந்தால் இந்தப் பட்டனையும் அவரேதான் அமுக்கியிருப்பார். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அத்தா? லைன்ல இருக்கீங்களா?”

“முள்ளு பொருந்தலடா” என்றார். “அல்ஹம்துலில்லாஹ், பொருந்தவேயில்ல.”

“எந்த முள்ளு? என்னத்தா சொல்றீங்க, ஒண்ணும் புரியல.”

“எனக்கே இப்பத்தான் புரியுது.”

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஷஹானா ஒவ்வொரு வீடியோவாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அஸ்ரின் தத்தித் தத்தி நடந்தாள், விழுந்தாள், எழுந்தாள். அந்த வீடியோவிலேயே போன் இருந்த ஸ்டூலுக்கு நேராகப் போய் ரிசீவரைக் கட்டிக்கொண்டு, “அத்தா! அத்தா!” என்று கூப்பிட்டாள். அவளுக்குத் தெரிந்த அத்தா அந்தப் போன்தான்.

ஷஃபியுல்லா எழுந்து, கையிலிருந்த ரிசீவரைக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பக்கம் நீட்டிப் பிடித்தார். ஷஹானா அதையே திரும்ப ஒருமுறை போட்டாள்.