ஆறாவது காரணம்

எங்க பல்கலைக்கழகத்துல ஒரு பிள்ளை படிப்பைப் பாதியில விட்டுட்டுப் போனா, அதோட ஃபைலை மூடறது என் வேலை. சும்மா மூட முடியாது. ஏன் போறாங்கன்னு கம்ப்யூட்டர் கேக்கும். கீழே ஆறு காரணம் வரிசையா நிக்கும். உடல்நலம், குடும்பம், பணம், திருமணம், இடமாற்றம், கடைசியா ஆர்வமின்மை.

முதல் அஞ்சுல எதை அமுக்கினாலும் தொலைஞ்சோம். இன்னொரு பக்கம் திறந்து, கடிதம் எங்கேன்னு கேக்கும். அந்தப் பிள்ளையைத் தேடிப் புடிச்சு, கடிதம் எழுதி வாங்கி, ஸ்கேன் பண்ணி, எங்க பிரிவுத் தலைவர்கிட்ட கையெழுத்து வாங்கணும். அவருக்கு நாங்க வச்ச பேரு 'நாளைக்கு ஐயா'. எதைக் கொண்டு போனாலும் "நாளைக்குப் பார்ப்போம்"பாரு. அந்த நாளைக்கு வர்றதுக்குள்ள படிப்பை விட்ட பிள்ளைக்குப் பேரப்பிள்ளை பொறந்துடும். ஆறாவது காரணத்துக்கு இந்த வம்பே இல்ல. ஒரே அமுக்கு, ஃபைல் மூடிடும்.

ஒன்பது வருஷமா நான் அதைத்தான் அமுக்கினேன். கால் ஒடிஞ்சவனுக்கும் ஆர்வமின்மை, கல்யாணமாகிப் போனவளுக்கும் ஆர்வமின்மை. ஒரு பையன் செத்தே போனான், பாவம், அவனுக்கும் அதையேதான் போட்டேன். இதையெல்லாம் எவன் எடுத்துப் பார்க்கப் போறான்னு நெனப்பு. ஆபீஸ் முழுக்க அப்படித்தான், ஆனா வேகத்துல என்னை அடிச்சுக்க ஆள் இல்ல. மத்தவங்க பத்து மூடறதுக்குள்ள நான் நாப்பது மூடுவேன். அதுல எனக்குப் பெருமை வேற, வெக்கங்கெட்ட பெருமை.

போன வருஷம் செயற்கை நுண்ணறிவுத் துறையிலிருந்து ஒரு பேராசிரியை வந்தாங்க. சின்ன வயசு, ரொம்ப மரியாதை, நாற்காலியைக்கூட சத்தம் வராம இழுப்பாங்க. புதுசா ஒரு படிப்பு ஆரம்பிக்கிறாங்களாம். தரவுப் பகுப்பாய்வு, செயற்கை நுண்ணறிவு, கிழக்காசியப் படிப்பு மூணும் சேர்ந்தது. சீனமும் ஜப்பானும் கொரியாவும் தெரிஞ்ச ஆளுக்குக் கணக்கும் கம்ப்யூட்டரும் தெரியணுமாம். சீட்டு முப்பது, விண்ணப்பம் மூவாயிரம் வரும்னு எதிர்பார்த்தாங்க. அவ்வளவையும் யாரு உக்காந்து படிக்கிறது? அதனால ஒரு புரோகிராம். யாரு கடைசி வரைக்கும் நிப்பாங்க, யாரு பாதியில ஓடுவாங்கன்னு அது சொல்லும். அது பொறுக்கிக் குடுக்கிற இருநூறு பேரோட கட்டுரையை மட்டும் மனுஷங்க படிப்பாங்க.

புரோகிராமுக்குச் சொல்லிக் குடுக்கப் பழைய ஃபைல் வேணும்னாங்க. நாளைக்கு ஐயா அன்னைக்கு மட்டும் "இன்னைக்கே எடுத்துக்கோங்க"ன்னு பல்லைக் காட்டினாரு. ஒன்பது வருஷ ஃபைலையும் நகல் எடுத்துக் கையில குடுத்தது நான்தான். யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கும்னு சொல்வாங்களே, அதை நான் சிரிச்சுக்கிட்டே செஞ்சேன்.

அந்தப் படிப்புக்கு என் தங்கச்சியும் விண்ணப்பம் போட்டா.

எங்க அம்மா நாங்க சின்னப் பிள்ளைங்களா இருக்கும்போதே போயிட்டாங்க. அப்பா, நான், அவ, மூணே பேர் வீடு. நாலு வருஷம் முன்னாடி அவ இதே பல்கலைக்கழகத்துல கிழக்காசியப் படிப்புல ரெண்டாவது வருஷம். அப்ப அப்பா குளியலறையில விழுந்தாரு. வலது பக்கம் முழுக்க இழுத்துக்கிச்சு, பேச்சும் போச்சு. யாராவது ஒருத்தர் வீட்டுல இருக்கணும். என் வேலையிலதான் குடும்பம் ஓடுது. "நீ நிறுத்திக்கோடி, ஒரு வருஷம்தான், அப்புறம் சேர்ந்துக்கலாம்"னு நான்தான் சொன்னேன். மறுபேச்சு பேசல. "சரிக்கா"ன்னா, அவ்வளவுதான்.

ஒரு வருஷம் மூணரை வருஷம் ஆச்சு. பழைய படிப்புல திரும்பச் சேர்ற கெடு முடிஞ்சு போச்சு. மிச்சம் இருந்தது இந்தப் புதுப் படிப்பு ஒண்ணுதான். அதுலயும் இருபத்தஞ்சு வயசு வரைக்கும்தான் சேர முடியும். அவளுக்கு இப்ப இருபத்தஞ்சு. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்கிற பேச்சே இல்ல.

அவ சும்மா உக்காந்திருக்கலங்க, அதைச் சொல்லணும். பேச்சோட அப்பாவுக்கு எழுத்தும் போயிடுச்சு. நியூஸ்பேப்பரைக் குடுத்தா தலைகீழாப் புடிப்பாரு. இவ ஒரு நாள் கட்டம் போட்ட தாள்ல தான் படிச்ச சீன எழுத்துகளைப் பெருசா வரைஞ்சு, கட்டிலுக்கு எதிர்ச் சுவத்துல ஒட்டினா. வாய்க்கு ஒரு சதுரம். கதவுக்கு நெஜமாவே ரெட்டைக் கதவு மாதிரி ஒண்ணு. தண்ணிக்கு ஒண்ணு. "அடியே, சொந்த மொழியே வராத மனுஷனுக்குச் சீனமா? உனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா?"ன்னு சிரிச்சேன். மூணே வாரம். அப்பா நல்ல கையைத் தூக்கிச் சதுரத்தைக் காட்டினாரு. பசிக்குதுன்னு அர்த்தம். நான் அப்படியே உக்காந்து அழுதுட்டேன்.

அதோட விட்டாளா? எத்தனை மணிக்கு எதைக் காட்டறாருன்னு நோட்டுல தினமும் குறிச்சா. மூணு மாசத்துக் குறிப்பைக் கூட்டிக் கழிச்சுப் பார்த்துட்டு ஒரு நாள் என்கிட்ட வந்தா. "அக்கா, அப்பா கதவைக் காட்டினா வெளியே போகணும்னு நெனச்சோம்ல? இல்லக்கா. பாதிக்கு மேல அஞ்சரை மணியிலதான் காட்டறாரு. லீவு நாள்ல காட்டறதே இல்ல. நீ வர்ற நேரம்க்கா அது." அன்னையிலிருந்து அப்பா போற வரைக்கும் நான் ஒரு நாள்கூட ஆபீஸ்ல லேட்டா இருக்கல.

அப்பா போய் எட்டு மாசம் ஆகுது. தாளெல்லாம் இன்னும் சுவத்துலதான் இருக்கு. விண்ணப்பக் கட்டுரையில அவ எழுதினது இந்தக் கதையைத்தான். படிச்சுட்டு, "சீட்டு உனக்குத்தான்டி, நான் எழுதித் தர்றேன்"னு சொன்னேன்.

அந்த இருநூறு பேர் பட்டியல் வர்ற அன்னைக்குக் காலையில எனக்கு டப்பா கட்டிக்கிட்டே, "பேர் இருந்தா உடனே போன் பண்ணுக்கா, இல்லைன்னா பண்ணாதே"ன்னா. எங்க ஆபீஸ் ஃப்ரிட்ஜ்ல சாப்பாட்டு டப்பா கால் முளைச்சுப் போயிடும். அதனால மூடியில ஊழியர் எண்ணை எழுதி வைக்கணும்னு சட்டம். என் எண் 3172. அழிய அழிய மார்க்கரால எழுதறதும் அவதான்.

பத்து மணிக்குப் பட்டியல் வந்துச்சு. மேலேருந்து கீழே மூணு தடவை பார்த்தேன். அவ பேர் இல்ல. நேரா அந்தப் பேராசிரியை ரூமுக்கு ஓடினேன்.

"மேடம், இந்தப் பொண்ணோட கட்டுரையை யாராவது படிச்சாங்களா?"

விண்ணப்ப எண்ணைத் தட்டிப் பார்த்தாங்க. "இல்லையே. முதல் வடிகட்டல்லேயே நின்னுடுச்சு." திரையை என் பக்கம் திருப்பினாங்க. "மார்க் நல்லாத்தான் இருக்கு. இந்த ஒரு வரிதான் இழுத்துடுச்சு. ஏற்கெனவே இங்கே சேர்ந்து, ஆர்வமின்மைன்னு விட்டுட்டுப் போனவங்க. பழைய தரவைப் பார்த்தா, படிப்பை விட்டவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்தேழு பேருக்கு இதே காரணம்தான். அதனால புரோகிராம் இதை ரொம்பப் பெருசா எடுத்துக்குது."

"பழைய தரவே பொய்யா இருந்தா?"

"ஒண்ணு ரெண்டு தப்பு இருக்கலாம். ஆயிரக்கணக்குல எப்படி இருக்கும்? யாரு மெனக்கெட்டு அத்தனை பேருக்கும் பொய் எழுதப் போறாங்க?"ன்னு சிரிச்சாங்க.

நான் மெனக்கெடல. அதுதானே விஷயம். அந்த வரியோட ஓரத்துல தேதி இருந்துச்சு, பதிவு செஞ்சவர் எண் 3172ன்னு இருந்துச்சு. தேதியைப் பார்த்ததும் ஞாபகம் வந்துடுச்சு. அப்பா ஆஸ்பத்திரியில இருந்த ரெண்டாவது வாரம். வருஷக் கடைசி, ஃபைல் மூட அன்னைக்குத்தான் கெடு. அவளை அப்பா பக்கத்துல உக்கார வச்சுட்டு ஒரு மணி நேரத்துக்காக ஆபீஸ் வந்தேன். நாப்பது ஃபைல் மூடிட்டுத் திரும்பி ஓடினேன். நாப்பதுல ஒண்ணு அவளோடது.

"மேடம், அதைப் போட்டது நான். அவ என் தங்கச்சி. அவளோடது மட்டும் இல்ல, எல்லாமே..."ன்னு சொன்னேன். அவங்க முகத்துல ரத்தமே இல்ல. அப்புறம், "பட்டியல் வெளியாயிடுச்சே. பழைய பதிவை உங்க பிரிவுத் தலைவர் திருத்தி எழுத்துல அனுப்பினாத்தான் என்னால வாயே திறக்க முடியும்"னாங்க.

நாளைக்கு ஐயாகிட்ட போனேன். இந்தத் தடவையும் அவர் நாளைக்குன்னு சொல்லல. "மூடின வருஷத்தைத் திறக்க முடியாதும்மா. ஒண்ணைத் திருத்தினா மிச்சம் நாலாயிரத்தை யாரு திருத்தறது? முக்கால்வாசி உன் எண்லதான் இருக்கு. எனக்கு ஒண்ணுமில்ல, உன் வேலைதான் போகும். யோசிச்சுக்கோ"ன்னாரு.

யோசிக்கல. கட்டுரையைப் பிரிண்ட் எடுத்துக்கிட்டுக் கிழக்காசியத் துறைப் பெரிய பேராசிரியர்கிட்ட ஓடினேன். மனுஷன் நின்னபடியே படிச்சாரு. லீவு நாள்ல அப்பா கதவைக் காட்டலைங்கிற இடத்துல கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. "மூணு வருஷமா இந்த மாதிரி ஒரு பிள்ளை வராதான்னுதான் இந்தப் படிப்புக்கே அலைஞ்சேன்"னாரு. எனக்கு உசிரு வந்துச்சு. "அப்ப எடுத்துக்கோங்க சார்"னு கையெடுத்துக் கும்பிட்டேன்.

"எப்படிம்மா? எனக்கு வந்த இருநூறுல இது இல்லையே. இதைப் படிச்சேன்னு வெளியே சொன்னாலே எல்லாரும் தாளைத் தூக்கிக்கிட்டு என் வாசல்ல நிப்பாங்க." தாளை மடிச்சு என்கிட்ட நீட்டினாரு. "இந்தப் பொண்ணுக்குப் போய் ஆர்வமின்மையா? எந்தப் புண்ணியவான்மா போட்டது?"

"தெரியல சார்"னு சொல்லிட்டேன். அப்பாவுக்கு அப்புறம் நான் மரியாதை வச்சிருந்த மனுஷன் அவர். அவர் மூஞ்சியைப் பார்த்து அதுக்கு மேல சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. சொல்லியிருந்தாலும் ஆகப் போறது ஒண்ணுமில்லைன்னு என்னையே சமாதானம் பண்ணிக்கிட்டேன். த்தூ.

நாலு மணிக்குத்தான் இன்னொரு இடி. பட்டியல்ல வராத எல்லாருக்கும் காரணக் கடிதம் ஈமெயில்ல தானாவே போகும்னாங்க. எல்லாம் வெளிப்படையா இருக்கணுமாம், புது விதி. காரணம், தேதி, பதிவு செஞ்சவர் எண், அத்தனையும் இருக்கும். அதை நிறுத்தச் சொல்லி யார் யாருக்கோ போன் போட்டேன். அனுப்பறது ஆள் இல்ல, யாரை நிறுத்தறது? கடிதத்துக்கு முன்னாடி நான் வீட்டுக்குப் போயிடணும்னு பஸ் புடிச்சேன். என்ன முட்டாள்தனம் பாருங்க, அது பஸ்லயா வருது?

அவ அப்பாவோட கட்டில்ல உக்காந்திருந்தா. போன் மடியில திறந்தபடி கிடந்துச்சு. நான் செருப்பைக்கூடக் கழட்டல, கொட்டித் தீர்த்துட்டேன். ஆறு காரணம், கடிதம், ஸ்கேன், கையெழுத்து, வருஷக் கடைசி, நாப்பது ஃபைல், காலையிலேருந்து ஏறி இறங்கின படி எல்லாத்தையும் சொன்னேன். குறுக்கே பேசாம கேட்டா.

"கடிதம்தானேக்கா வேணும்? அன்னைக்கு அப்பா பக்கத்துல நாள் முழுக்க சும்மாதானே உக்காந்திருந்தேன். ஒரு போன் பண்ணியிருந்தா எழுதிக் குடுத்திருப்பேனே."

"கையெழுத்து வாங்கணும்டி. அந்த ஆளைப் பத்தி உனக்குத் தெரியாது."

"நான் வந்து நின்னு வாங்கியிருப்பேன்க்கா." கொஞ்ச நேரம் சுவத்தையே பார்த்தா. அப்புறம்தான் கேட்டா. "என் பேருன்னு பார்த்தியா? இல்ல, அவசரத்துல பார்க்காமலே அமுக்கிட்டியா?"

பார்க்கலைன்னு சொல்லியிருக்கலாம். அவ அதைத்தான் எதிர்பார்த்தா, மூஞ்சியிலேயே தெரிஞ்சுது. காலையில அந்தப் பெரியவர்கிட்ட ஒரு பொய் சொல்லியாச்சு, இவகிட்டயும் சொல்ல நாக்கு வரல.

"பார்த்தேன்டி. பார்த்துட்டு, நம்ம வீட்டு ஃபைல்தானே, இதுக்கு எதுக்குக் கடிதமும் கிடிதமும்னு அமுக்கினேன். வேற யாராவதா இருந்தாக்கூட ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பேனோ என்னவோ. நீங்கிறதாலதான் யோசிக்கவே இல்ல."

"சரிக்கா"ன்னா.

நாலு வருஷம் முன்னாடி நிறுத்திக்கோன்னு சொன்னப்ப சொன்ன அதே சரிக்கா. "திட்டுடி என்னை. நல்லா நாலு வார்த்தை கேளுடி, பாவி, உன் வாழ்க்கையைக் கெடுத்துட்டேனே"ன்னு அவ கையைப் புடிச்சுக்கிட்டு அழுதேன். அவ அழல. கையை மெதுவா உருவிக்கிட்டு, என் பையைத் திறந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்தா. காலையில கட்டினது அப்படியே இருந்துச்சு, நான் எங்கே சாப்பிட்டேன். கொட்டிட்டுக் கழுவினா. மூடியில எண் பாதி அழிஞ்சிருந்துச்சு. துணியால தொடைச்சுட்டு, அலமாரியில மார்க்கரைத் தேடி எடுத்து வந்து, என் எதிர்லயே உக்காந்து மூணு, ஒண்ணு, ஏழு, ரெண்டுன்னு திருத்தமா எழுதினா. மையை ஊதிக் காய வச்சா.

"காலையில என்ன கட்டட்டும்க்கா?"ன்னு கேட்டா.