பூனை கவ்விக்கொண்டு வந்தவர்கள்

அந்தப் பூனை கவ்விக்கொண்டு வந்த முதல் மனிதர், பத்தொன்பது நாளாக இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த பிளம்பர். காலை ஆறேகால் மணிக்கு, சட்டைக் காலருக்குச் சற்று மேலே பிடரிச் சதையைப் பல்லால் பிடித்து, மூன்று மாடி உயரம் குழாய் வழியாக ஏறி, சமையலறை ஜன்னலில் நுழைந்து, கண்ணாடிக்காரம்மாவின் காலடியில் அவரைப் போட்டுவிட்டு இரண்டடி தள்ளி உட்கார்ந்துகொண்டது. பிளம்பர் எண்பது கிலோவுக்குக் குறையாத ஆள். பூனையின் வாயில் இருந்தவரை நனைந்த துண்டு அளவுக்குத்தான் தன் கனம் இருந்தது என்று அவரே பிற்பாடு பலரிடம் சொன்னார். கையும் காலும் துவண்டு, முழங்கால் வயிற்றோடு மடங்கி, கண் மட்டும் திறந்திருந்தது. வலி இல்லையாம். போக வேண்டிய மற்ற வீடுகளின் நினைப்புகூட வரவில்லையாம்.

கண்ணாடிக்காரம்மா என்பது தெரு வைத்த பெயர். கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவது அவர் வேலை. முடியளவு பிசகினாலும் ஒருவருக்குத் தலைவலி வந்துவிடும் என்கிற தொழில் என்பதால், பிசகும் மனிதர்கள்மேல் அவருக்கு ஆறாத எரிச்சல் இருந்தது. சொன்ன நேரத்துக்கு வராதவர்கள், வந்தால் பாதியில் போகிறவர்கள், கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கூப்பிடாதவர்கள். அவர் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் ஓடுவார். சொந்த வீட்டில் எது நின்றாலும் “பாக்கலாம்” என்பார். பூனையும் அவர் வழியாக வந்ததுதான். ஒரு லிஃப்ட் பள்ளத்தின் அடியில் கிரீஸ் அப்பிய மேனியோடு கிடந்த பெட்டைக்குட்டியைக் கருவிப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். என்ன செய்வது என்று மனைவி கேட்டதற்கும் பாக்கலாம் என்றே சொன்னார். பார்த்துக்கொண்டிருந்ததில் மூன்று வருடம் ஓடிப்போனது.

அந்த மூன்று வருடமும் அது மற்றப் பூனைகளைப் போலத்தான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே புறாவைப் பார்த்தால் தாடை படபடக்க ஒரு சத்தம் போடும். பாய்வதற்கு முன் பின்பக்கத்தை இரண்டு ஆட்டு ஆட்டிக்கொள்ளும். வாங்கிக் கொடுத்த மெத்தையை விட்டுவிட்டு அது வந்த அட்டைப்பெட்டியில் தூங்கும். மேஜை ஓரத்து டம்ளரை, நாம் பார்க்கிறோமா என்று நிச்சயப்படுத்திக்கொண்டு தள்ளிவிடும். கரப்பான், பல்லி, எலி, யாருடையதோ ஒற்றைக் காலுறை என்று பிடித்துவந்து காலடியில் வைக்கும். கண்ணாடிக்காரம்மா ஒவ்வொன்றையும் முகத்தைச் சுளித்தபடி முறத்தில் அள்ளி வெளியே கொட்டுவார். அப்போதெல்லாம் பூனை அவரை ஒரு மாதிரியாகப் பார்க்கும். அந்தப் பார்வையை அவர் அப்போது பொருட்படுத்தவில்லை.

பிளம்பரைப் பார்த்ததும் அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். உடைந்த குழாயைக் காட்டி, பை எங்கே என்று கேட்டார்.

“பை வீட்ல இருக்குக்கா. நான் பல்லு வெளக்கிட்டிருந்தேன்” என்றார் தரையில் கிடந்த பிளம்பர்.

முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அவருக்குக் காலில் உயிர் வந்தது. அதுவரை பூனை அவரை முன்னங்காலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நகர்ந்தால் இழுத்துப் பழைய இடத்திலேயே போட்டது. கதவைத் திறந்து அனுப்பிவைத்ததும் பூனை வாலை அடித்துக்கொண்டு வெளியே போனது. மறுநாள் மீண்டும் கொண்டுவந்தது. மூன்றாம் முறை அவர் தலையில் சோப்பு நுரையோடு வந்தார். பை மட்டும் ஒரு தடவையும் வரவில்லை. கடைசியில் குழாயை இன்னொருவரை வைத்துச் சரிசெய்தார்கள்.

அதன் பிறகு கண்ணாடிக்காரம்மா யாருக்காகவெல்லாம் காத்திருந்தாரோ அவர்களெல்லாம் வர ஆரம்பித்தார்கள், காத்திருந்ததற்குப் பயன் இல்லாமல். கேஸ் கொண்டுவருகிறவர் சிலிண்டர் இல்லாமல் வந்தார். ஒழுகும் கூரையைப் பார்க்க வருவதாகச் சொன்ன வீட்டு உரிமையாளர், ஒழுகாத மத்தியானம் ஒன்றில் வந்து, தரையில் மல்லாந்தபடி அண்ணாந்து பார்த்து, எல்லாம் காய்ந்துதானே இருக்கிறது என்றார். பல் டாக்டர் கையுறையோடு வந்தார். அவருடைய நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பதாகச் சொல்லி முக்கால் மணி நேரமும் புலம்பினார். இரண்டாம் மாடி ரிட்டையர்ட் வாத்தியார், மருமகன் மூன்று வருடமாக எட்டிப்பார்க்கவில்லை என்று விலாசம் எழுதிய சீட்டோடு வந்து பூனைமுன் குனிந்து நின்றார். பூனை சீட்டை முகர்ந்துவிட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அது யார் சொல்லியும் வேட்டைக்குப் போகாது. கழுத்தில் மணி கட்டிப் பார்த்தார்கள். நான்கே நாளில் மணி ஆடாமல் நடக்கப் பழகிக்கொண்டது. குடியிருப்போர் சங்கம் கண்டித்துத் தீர்மானம் போடக் கூட்டம் கூட்டியது. தலைவர் பேச எழுந்தபோது பூனை அவரைக் கவ்விக்கொண்டு போய்விட்டதால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

கால்நடை மருத்துவரைத் தேடிப் போகும் வேலையும் இருக்கவில்லை. அந்த அம்மாள் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பூனையின் வாயிலேயே வந்து சேர்ந்தார். தரையில் கிடந்தபடியே பூனையின் பல்லையும் ஈறையும் பார்த்து, ஆரோக்கியத்துக்கு ஒரு குறையும் இல்லை என்றார்.

“இது ஒங்கள எஜமானின்னு நெனைக்கல. குட்டின்னு நெனைக்குது. ஒங்களுக்கு எதையும் தேடிப்போய்ப் பிடிக்கத் தெரியல, உட்கார்ந்த எடத்துலயே காத்துட்டிருக்கீங்கன்னு அதுக்குக் கவலை.”

கண்ணாடிக்காரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. காலையில் எட்டு மணிக்குப் போய் மாலை ஆறு மணிக்கு வருகிற தன்னைப் போய் ஒரு பூனை இப்படி நினைப்பதா என்று வீட்டுக்காரரிடம் இரண்டு நாள் பொருமினார். ஆனால் மூன்றாம் நாள் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய சால்வையை எடுத்துப் பூனையின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தார். அது அவருடைய அக்காவின் சால்வை.

அக்கா அதே ஊரில், பஸ்ஸில் ஏழு நிறுத்தம் தள்ளி இருந்தார். இருவரும் பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அக்கா தங்கைக்குச் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் ஆள் அனுப்பினார் என்பது தங்கையின் வழக்கு. நான்கு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை என்பது அக்காவின் வழக்கு. லென்ஸ் தேய்க்கிற மெஷின் சத்தத்தில் போன் கேட்கவில்லை என்று தங்கை சொன்னார். அதை அக்கா நம்பவில்லை. நம்பாத அக்காதான் வந்து பேச வேண்டும் என்று இவரும், எடுக்காத தங்கைதான் வர வேண்டும் என்று அவரும் இருந்துவிட்டார்கள். இடையில் ஒரு தடவை அக்கா வீட்டுக்காரர் பேசிப்பார்த்தார், பிறகு அவரும் விட்டுவிட்டார்.

சால்வையின்மேல் பூனை பதினோரு நாள் தூங்கியது. முன்னங்கால்களால் அதைப் பிசைந்து நூல் நூலாக இழுத்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து போட்டது. கண்ணாடிக்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து குனிந்து பார்த்தார். வேறு யாரோ. கப்பலில் சமைக்கிற தங்கை ஒருத்தி அவளுக்கு இருந்தாள். வேறு யாரோ ஒருத்தியின் அக்கா. நல்ல பெண். கால் சரியான பிறகும் இரண்டு நாள் தங்கினாள். தேநீர் போட்டுக்கொடுத்தாள், கண்ணாடிக்காரம்மாவின் தலையைச் சிக்கெடுத்து வாரிவிட்டாள், உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போனாள். அவள் போனதும் கண்ணாடிக்காரம்மா சால்வையை உருவி எடுத்துப் பூனையின்மேல் வீசினார்.

“ஊர்ல இருக்கறவங்கள எல்லாம் தூக்கிட்டு வரத் தெரியுது. ஒரே ஒரு ஆள், ஏழு ஸ்டாப்பு. அது முடியல ஒனக்கு.”

பூனை சால்வைக்கடியிலிருந்து வெளியே வந்து, ஒரு காலைத் தூக்கி நக்கிக்கொண்டது. அன்றிலிருந்து வேட்டைக்குப் போவதை நிறுத்திவிட்டது. ஜன்னலில் புறா வந்தாலும் தாடை படபடக்கவில்லை. மூன்று வாரம் சோபாவின் கைமேல் உட்கார்ந்து, அவர் போகிற திசைக்கெல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டடத்தில் எல்லோருக்கும் நிம்மதி. கண்ணாடிக்காரம்மாவுக்கு மட்டும் முதுகில் எதுவோ ஊர்கிற மாதிரி இருந்தது. ஒருநாள் காலையில் அவர் பால் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பின்னால் பூனை தன் பின்பக்கத்தை இரண்டு ஆட்டு ஆட்டியது. வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். சொல்லலாமா என்று யோசித்தார். அதற்குள் முடிந்துவிட்டது.

பூனையின் வாயில் இருந்தபடி, போகும் வழியைக் கண்ணாடிக்காரம்மா முழுதாகப் பார்த்தார். மதில், கேபிள் ஒயர், ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை, பஸ் நிறுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக. கையில் பாத்திரம் தேய்க்கிற நார் இருந்தது. அதை விட வேண்டும் என்று நினைத்தார், விரல் கேட்கவில்லை. கோபம்கூடத் துவண்டு கிடந்தது. ஏழு நிமிடம் போலத்தான் ஆகியிருக்கும். ஒரு திறந்த ஜன்னல் வழியாக இறங்கி, சமையலறைத் தரையில், துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்காவின் காலடியில் பூனை அவரை வைத்தது. இரண்டடி தள்ளி உட்கார்ந்துகொண்டது.

அக்கா குனிந்து பார்த்தார். அக்காவின் தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“வாசல் வழியா வரத் தெரியாதா?” என்றார்.

பிறகு தங்கையைத் தாண்டிப் போய் ஒரு சட்டையை எடுத்துவந்து அதையும் இஸ்திரி போட்டார். எழுந்திருக்க முடிந்திருந்தால் கண்ணாடிக்காரம்மா அந்த நிமிடமே படி இறங்கியிருப்பார். முடியவில்லை. முகத்தைக்கூடத் திருப்பிக்கொள்ள முடியாத நிலையில், ஒன்பது வருடத்தில் சேர்த்துவைத்திருந்ததை எல்லாம் அக்கா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு கிடந்தார். அப்பா கடைசிவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததை. டாக்டர் கையெழுத்துக் கேட்டபோது தனியாக நின்றதை. நடுநடுவே இவரும் பதில் சொன்னார். இருவர் குரலும் உயர்ந்து, மேல்வீட்டில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு பேச்சும் சுற்றிச் சுற்றி அந்தப் போனிலேயே வந்து நின்றது.

“நாலு தடவையும் மெஷினா?” என்றார் அக்கா.

கண்ணாடிக்காரம்மா கூரையைப் பார்த்தார். பூனை முன்னங்காலால் அவர் தோளைத் தட்டியது.

“ரெண்டாவது தடவை பாத்தேன்” என்றார். “மெஷின நிறுத்திட்டுத்தான் இருந்தேன். நீதான்னு தெரிஞ்சுது. ஏதாவது கொறை சொல்லத்தான் நீ கூப்பிடறன்னு நெனச்சு வெச்சுட்டேன். மூணாவதையும் பாத்தேன்.”

அக்கா இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார்.

“அஞ்சாவது தடவ கூப்பிட்டிருக்கலாம் நான்” என்றார். “கோவம். கூப்பிட மாட்டேன்னு போனைப் பைக்குள்ள போட்டேன். அப்பவே ஆள் அனுப்பியிருந்தா நீ பாத்திருப்ப.”

இருவரும் அழுதார்களா என்றால், அப்படியொன்றும் இல்லை. அக்கா உள்ளே போய் ஒரு தலையணை கொண்டுவந்து தங்கையின் தலைக்கடியில் வைத்தார். வைத்த விதம் முரட்டுத்தனமாக இருந்தது. காலில் உயிர் வந்ததும் கண்ணாடிக்காரம்மா எழுந்து, கையிலிருந்த பாத்திர நாரைத் தொட்டியில் வைத்து, தேநீர் குடித்துவிட்டுப் பஸ்ஸில் வீடு திரும்பினார். அடுத்த ஞாயிறு தானாகவே வருவதாகச் சொன்னார். வரவில்லை. கடையில் ஒரு அவசர வேலை, பிறகு தலைவலி, பிறகு மழை. அக்காவும் வருவதாகச் சொன்னார், வரவில்லை. புதன்கிழமை காலையில் பூனை கண்ணாடிக்காரம்மாவைத் தூக்கிக்கொண்டு போனது.

இப்போது ஆறு வருடமாக அப்படித்தான் நடக்கிறது. மற்ற ஆட்களை அது கொண்டுவருவதே இல்லை. கடையில் புதன்கிழமைகளில் பத்தரைக்குமேல்தான் வேலைக்கு வருவார் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். யாராவது வீட்டுக்கு வந்து விசாரித்தால், பூனை கொண்டுபோயிருக்கிறது, வந்துவிடுவாள் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அக்காவும் தங்கையும் அங்கே பெரும்பாலும் சண்டைதான் போடுகிறார்கள். பாதிச் சண்டை, நேரம் பார்த்து வராததைப் பற்றி. அக்கா வீடு துடைக்கும் நேரத்தில்தான் பூனை வந்து சேர்கிறது. ஈரத்தில் கால் வைப்பது அதற்குப் பிடிக்காது. தரை காயும்வரை கண்ணாடிக்காரம்மாவை வாயில் வைத்துக்கொண்டே ஜன்னல் விளிம்பில் காத்திருக்கும். அக்கா அவசரப்படுவதில்லை. மூலைகளையும் துடைத்து முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்து, “சரி, எறக்கு” என்கிறார்.