பார்த்தலமியூவுக்கு எட்டு வயது

லயனல் பிரிக்ஸ் எழுதிய தொலைக்காட்சித் தொடரில் வரும் புருஷன் பெண்டாட்டிக்குக் குழந்தை கிடையாது. ஏன் இல்லை என்று தொடரில் யாரும் கேட்டதும் கிடையாது. ஹார்வியும் டாட்டியும் காலையில் சண்டை போடுவார்கள், சாயங்காலம் ராசியாவார்கள், நடுவில் சோப்புத்தூள் விளம்பரம் வரும். படுக்கையறையில் ஆளுக்கொரு கட்டில். வியாழக்கிழமை ஆனால் அமெரிக்காவே அவர்களைப் பார்த்துச் சிரித்தது.

மூன்றாம் வருஷம், தொடருக்குப் பணம் போடும் சோப்புக் கம்பெனிக்காரர் ஒருவர் பர்பாங்க் ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டுப் போனார். அவர் போனதும் தயாரிப்பாளர் காஸ்பர் டன் லயனலைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"டாட்டிக்கு ஏன் ஒண்ணும் பொறக்கலைன்னு ஜனங்க கேக்கிறாங்களாம்ப்பா. குழந்தையைக் கொண்டு வந்தா தொட்டில், அழுகை, பால் புட்டின்னு நம்ம கதையே கெட்டுப்போகும். ஒரே ஒரு வாரம், சிரிக்க சிரிக்க அந்தக் கேள்வியைத் தொட்டுட்டு ஓடிடணும். முடியுமா?"

"முடியாமலா?" என்றான் லயனல்.

ஆனால் முடியவில்லை. தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தால் வரிகள் செத்துச் செத்து விழுந்தன. கெடு நெருங்கியபோது அவன் கைக்கு எட்டியது அவன் வீட்டிலேயே நடந்த ஒன்று.

அவன் மனைவி மேவிஸுக்கு மூன்று முறை கரு கலைந்திருந்தது. கடைசி முறை ஆறு மாதம் தாங்கியது. இனிமேல் ஆசைப்படாதீர்கள் என்று டாக்டர் சொன்னபின் அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. போன வசந்தத்தில் ஒரு நாள் லயனல் காய்ச்சலோடு சீக்கிரமே வீடு திரும்பி, பின்கதவு வழியாகச் சமையலறைக்குள் வந்தான். வாசலில் கலைக்களஞ்சியம் விற்கிற ஆள் ஒருவன் மேவிஸிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"வீட்டுல பசங்க இருக்காங்களா மேடம்?"

"ஒருத்தன் இருக்கான். பார்த்தலமியூ. எட்டு வயசு."

"அடேயப்பா, பெரிய பேரு! எதுல ஆசை அவனுக்கு?"

"திமிங்கலம். எந்நேரமும் திமிங்கலம்தான். கணக்குதான் மண்டையில ஏறவே மாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டாள் மேவிஸ். பெற்றவளுக்கே உரிய அலுப்பு அது. விற்பனைக்காரன் திமிங்கலம் இருந்த பக்கத்தைப் பிரித்துக் காட்டினான். அவள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லயனல் பூனைபோலப் பின்கதவு வழியே வெளியேறினான். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அப்போதுதான் வருகிறவன்போல முன்வாசலில் வந்து நின்றான். அவன் கேட்டது அவளுக்குத் தெரியாது.

இப்போது அதை ஒரே மூச்சில் எழுதினான். டாட்டி விற்பனைக்காரனிடம் மகன் இருப்பதாகப் புளுகுகிறாள். அவன் பையனைப் பார்க்க மறுபடி வருகிறேன் என்கிறான். வேறு வழியில்லாமல் ஹார்வி அரைக்கால்சட்டை மாட்டிக்கொண்டு மகனாக நடிக்கிறான். பையனின் பெயரை மாற்றத்தான் நினைத்தான் லயனல். ஏழெட்டுப் பெயர்களைப் போட்டுப் பார்த்தான், எதிலும் சிரிப்பு வரவில்லை. பார்த்தலமியூவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டான். திமிங்கலத்தையும் விட்டுவிட்டான்.

படப்பிடிப்பு பார்வையாளர்கள் முன்னால்தான் நடக்கும். "இந்த வாரம் ஒண்ணும் சரியில்ல, நீ வரவேண்டாம்" என்று மேவிஸிடம் சொல்லியிருந்தான். காஸ்பரின் மனைவி ஹார்டன்ஸ் காரில் வந்து அவளை அழைத்துக்கொண்டு போவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. விளக்குகள் எரிந்தபோதுதான் கேமராவுக்குப் பின்னால் நின்ற அவன் கண்ணில் மேவிஸின் பச்சைத் தொப்பி பட்டது. ஓடிப்போய் என்ன சொல்வது? அப்படியே நின்றான்.

"ஒருத்தன் இருக்கான்... பார்த்தலமியூ!" என்றாள் டாட்டியாக நடித்தவள். அரங்கம் அதிர்ந்தது.

மேவிஸ் தலையைத் திருப்பி அவனைத் தேடினாள். இருட்டில் அவன் தெரிந்திருக்க மாட்டான். ஹார்டன்ஸ் சிரித்தபடி அவள் விலாவில் இடித்தாள். உடனே மேவிஸும் சிரித்தாள். சிரிப்பைக் காதால் எடைபோட்டே பிழைப்பவன் லயனல். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவன் உடம்பு கூசியது. அரைக்கால்சட்டையோடு ஹார்வி வந்து "அம்மா, திமிங்கலம்!" என்று கத்தியபோது, சிரிப்பு அடங்கும்வரை நடிகர்கள் வசனத்தை நிறுத்திக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

முடிந்ததும் காஸ்பர் அவனைக் கட்டிப்பிடித்தார். "எங்கேருந்துடா புடிச்ச இதை?"

லயனல் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் வந்து நின்ற மேவிஸ் சொன்னாள்: "நான்தான் சொன்னேன். ஒரு நாள் பொழுது போகாம ஒரு விற்பனைக்காரனைக் கிண்டல் பண்ணினேன்."

"அப்போ சம்பளம் உனக்குத்தான் மேவிஸ்!" என்றார் காஸ்பர். எல்லோரும் சிரித்தார்கள். ஊர் முன்னால் அவள் தன்னைக் காப்பாற்றியதைவிட, காறித் துப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது லயனலுக்கு.

வீடு திரும்பும் வழியில், காரில் மேவிஸ் சொன்னாள்:

"நீ அன்னிக்கு வீட்டுல இருந்திருக்க."

"சமையலறையில."

"முழுக்கக் கேட்டியா?"

"ஆமா."

"அப்போ ஏன் லயனல் வந்து என் பக்கத்துல நிக்கல? 'ஆமாங்க, நம்ம பையன்தான்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."



மறுநாள் லயனல் காஸ்பரிடம் போய், அந்தப் பகுதியை ஒளிபரப்ப வேண்டாம் என்றான். "ஏன், வயித்து வலியா உனக்கு?" என்று கேட்டார் அவர். காஸ்பர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் படச்சுருளைத் தூக்கிப் போட்டிருப்பார். ஆனால் உண்மையைச் சொன்னால் தான் செய்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "நகைச்சுவை அவ்வளவா எடுபடல" என்று முணுமுணுத்தான் லயனல். காஸ்பர் விழுந்து விழுந்து சிரித்து, அவனை வெளியே அனுப்பினார்.

வியாழக்கிழமை காலையிலேயே மேவிஸ் பாஸடீனாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். தொடர் வரும் நேரத்தில் லயனல் தொலைக்காட்சிப் பெட்டியைப் போடவில்லை, தோட்டத்தில் போய் நின்றான். வெயில் காலம், எல்லா வீட்டிலும் ஜன்னல் திறந்திருந்தது. அவள் மகனின் பெயர் ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் கேட்டது, தெரு முழுக்கச் சிரித்தது. எதிர்வீட்டுக்காரர் வேலிக்கு வந்து, "பிரமாதம் பிரிக்ஸ்! கொன்னுட்டீங்க!" என்று கையசைத்தார். லயனலும் கையசைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மேவிஸ் திரும்பி வந்து, எதுவும் நடக்காததுபோல உருளைக்கிழங்கு சீவ உட்கார்ந்தாள். அவன் எதிரில் உட்கார்ந்தான்.

"மன்னிச்சுடு மேவிஸ்."

"சரி."

"அவனுக்கு... வேற என்னெல்லாம் புடிக்கும்?"

அவள் கத்தியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை. "வேண்டாம் லயனல். உன்கிட்ட இனி அதைச் சொல்ல மாட்டேன்" என்றாள்.

தொடர் இன்னும் பல வருஷம் ஓடியது. ஹார்வி–டாட்டி வீட்டில் அதற்குப்பின் குழந்தைப் பேச்சே வரவில்லை. யார் கேட்டும் லயனல் எழுதவில்லை. தன் வீட்டில் அவனுக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்திருந்தது. மேவிஸ் பக்கத்து அறையில் யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தால், உள்ளே நுழையுமுன் தொண்டையைச் செருமுவான். அவள் பேச்சை நிறுத்திக்கொள்வாள்.