பொட்டு எரியும் வரை

கேமராவின் நெற்றியில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு உண்டு. பதிவு ஓடும்போது எரியும், நின்றால் அணையும். எங்கள் சேனலில் அதற்குப் பொட்டு என்று பேர். பொட்டு எரிந்தால் எல்லாரும் யோக்கியர்கள். ஓங்கிய கையை இறக்கித் தலையைச் சொறிந்துகொள்வார்கள், வாய் வரை வந்த கெட்ட வார்த்தையை இருமலாக மாற்றிவிடுவார்கள். மனசாட்சிக்குப் பயந்தவனை நான் பார்த்ததில்லை. பொட்டுக்குப் பயந்தவர்களைத்தான் தினமும் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

என் அண்ணனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு நாலு மாடி வணிக வளாகம், அதில் தரைத்தளத்தில் கடைசிக் கடை. அந்த வளாகத்தை ஒரு கட்டட நிறுவனம் வாங்கியது. இடித்துவிட்டு, முழுக்கக் கண்ணாடி போர்த்திய கோபுரம் ஒன்றைக் கட்டப் போகிறார்களாம். கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டு விலகினார்கள். இரண்டாம் மாடித் தையல்காரம்மா முரண்டு பிடித்தாள். ஒருநாள் மத்தியானம் படிக்கட்டுக்கு அடியில் இரண்டு காலும் முறிந்து கிடந்தாள். வழுக்கி விழுந்ததாகப் போலீஸ் எழுதிக்கொண்டது. தள்ளியவன் யார் என்று அந்தத் தெருவுக்கே தெரியும். பார்த்தேன் என்று சொல்லத்தான் ஆளில்லை. அவளுக்குப் பிறகு மிச்சம் இருந்தது என் அண்ணன்தான். கடையின் குத்தகை பாதிகூட முடியவில்லை, நான் ஏன் போகணும் என்பான்.

இதில் எங்கள் சேனல் எங்கே வந்தது என்று கேட்கலாம். ஜனங்கள் செய்தியைப் போனில் பார்க்க ஆரம்பித்ததும் எங்களுக்கு விளம்பரம் வற்றிப்போனது. கடைசியில் மாலைச் செய்திக்குப் படியளந்துகொண்டிருந்தது அந்தக் கட்டட நிறுவனம் ஒன்றுதான். புதுக் கோபுரத்தின் மேல்மாடிகளைச் சொற்ப வாடகைக்குத் தருவதாகவும் எங்களுக்கு ஆசை காட்டியிருந்தார்கள். அதாவது என் அண்ணன் கடை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே எங்கள் ஸ்டுடியோ வரவேண்டும். நல்ல பொருத்தம்.

எங்கள் ஆசிரியர் பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவதில் மன்னர். எது செய்தி என்று முடிவு செய்வதும் அவரே, மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்து வாசிப்பதும் அவரே. அன்று காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த வளாகத்தை இன்னைக்கு ஒப்படைக்கிறாங்க. நீ போம்மா."

"அங்க எங்க அண்ணன் இருக்கான் சார்."

"தெரிஞ்சுதான் அனுப்புறேன். நீ சொன்னா கேப்பாரு. அவர் சாவியைக் குடுத்துட்டு வெளிய வர்றதை அழகா எடு. நேரா நம்ம ஆபீசுக்கு அனுப்பிட்டே இரு."

"அவன் கேக்கலைன்னா?"

"நான் காதுல சொல்வேன். கேமராவை இறக்கிட்டு வந்துடு. அதுக்கு அப்புறம் நடக்கிறது நமக்கு வேண்டாம்."

அவர் குரலை இறக்கினார். "இங்க இத்தனை குடும்பம் சாப்பிடுது. போன மாசச் சம்பளத்தை எப்படிக் குடுத்தேன்னு எனக்குத்தான் தெரியும். இந்த இடமும் கை நழுவிப்போச்சுன்னா மொத்தப் பேரும் தெருவுல நிக்கணும். உங்க அண்ணன் எங்க வேணும்னாலும் கடை போட்டுக்கலாம். எது பெரிசுன்னு நீயே சொல்லு."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

வளாகத்தின் வாசலில் ஆறேழு பேர் சம்மட்டியும் கடப்பாரையுமாக நின்றார்கள். தலைவனைத் துரட்டி என்பார்கள். நெடுநெடுவென்று வளர்ந்து, கழுத்து மட்டும் முன்னால் வளைந்திருக்கும். பேர் வைத்தவன் கெட்டிக்காரன்.

"வாங்கக்கா, வாங்க. உங்க சார் எல்லாம் சொல்லிட்டாரு. பொட்டு எரியுற வரைக்கும் நாங்க சட்டை மடிப்புக் கலையாம நிப்போம். அணைஞ்சதும் நீங்க டீ குடிக்கப் போயிடுங்க."

"உள்ள இருக்கிறது என் அண்ணன்டா."

"அதனாலதான் சொல்றேன், நல்லபடியாப் பேசிக் கூட்டிட்டு வாங்க. அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டாங்கன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொண்டான்.

அண்ணன் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஒரு கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் அலமாரிகளில் வரிசை வரிசையாக ஃபிரேம்கள். "வாடி வாலு, டீ சொல்லட்டுமா?" என்றான்.

"விளையாடாத அண்ணா. கிளம்பு. நான் இந்தப் பக்கம் போனதும் அவங்க உள்ள வந்துருவாங்க."

"அப்பப் போகாத."

"எத்தனை நாளைக்கு நிக்க முடியும்?"

"அதையேதான் நானும் யோசிச்சேன். நீ நின்னா அடிக்கமாட்டான், போனா அடிப்பான். எப்படியும் எவனுக்கும் தெரியப் போறதில்ல. தையல்காரம்மா வழுக்கி விழுந்த மாதிரி நானும் வழுக்கி விழுவேன்." பேசிக்கொண்டே என் பைக்குள் கைவிட்டுக் கறுப்பு டேப்பை எடுத்தான். ஒயர் ஒட்ட நான் எப்போதும் வைத்திருப்பது. "இதை அந்தப் பொட்டு மேல ஒட்டு. நீ கேமராவை நிறுத்திட்டன்னு நினைச்சுக்குவான்."

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்கென்ன பைத்தியமா? உன்னை அடிக்கிறதை நான் நின்னு படம் எடுக்கணுமா?"

"ஒரு அறை. ஒரே ஒரு அறை வாங்கிக்கிறேன். அப்பா கையில வாங்காததா? அது பதிவாயிட்டா கோர்ட்டுல காட்டலாம், கடை நிக்கும். அறை விழுந்ததும் டேப்பைப் பிச்சுடு. பொட்டு தெரிஞ்சா பெட்டிப்பாம்பா அடங்கிடுவானுங்க."

"அறையோட நிறுத்துவானா அவன்?"

"நிறுத்த வைக்கத்தான் நீ இருக்கியே."

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, தவிர சின்ன வயசிலிருந்தே அவன் போடும் திட்டங்களுக்கெல்லாம் நான்தான் கூட்டாளி. டேப்பைக் கிழித்து ஒட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடு என்று அவனிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இத்தனை கண்ணாடிக்கு நடுவில் நின்றுகொண்டு, அது மட்டும் தோன்றவில்லை.

கேமராவைத் தோளிலிருந்து இறக்கி இடுப்போரம் தொங்கவிட்டுக்கொண்டேன், லென்ஸ் கடைக்குள் பார்த்தபடி. முதுகுப் பையில் இருந்த கருவி வழியாகப் படம் நேராக ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான். துரட்டி வாசலில் தலையை நீட்டிப் பொட்டைப் பார்த்தான்.

"முடிஞ்சுதாக்கா?"

"முடிஞ்சுது. கேக்கமாட்டேங்கிறான். ஆபீஸ் வண்டி வந்ததும் போயிடுவேன்."

"ஓரமா நில்லுங்க. மேல பட்டுடப் போகுது."

காதில் மாட்டியிருந்த இயர்போனில் ஆசிரியர் கத்தினார். "என்ன பண்ற நீ? படம் வந்துட்டே இருக்கு! நிறுத்து! நிறுத்துன்னா நிறுத்து!"

துரட்டி உள்ளே போனான். சாவி எங்கே என்று கேட்டான். கொடுக்க முடியாது என்றான் அண்ணன். பளார் என்று ஓர் அறை. அண்ணனின் தலை ஒரு பக்கம் திரும்பியது. நாங்கள் பேசிக்கொண்டபடியே எல்லாம் நடந்தது. நான் டேப்பின் ஓரத்தில் நகத்தை வைத்தேன்.

காதில் கத்தல் நின்றுபோனது. பிறகு ஆசிரியர் வேறு குரலில், குழந்தையைத் தாஜா பண்ணுவது மாதிரி பேசினார். "இரு. இறக்காத. கிட்டப் போ. முகம் வேணும். அடிக்கிறவன் முதுகுதான் தெரியுது."

உண்மைதான். படத்தில் இருந்தது துரட்டியின் பிடரி. பிடரியைக் காட்டினால் எந்தக் கோர்ட் நம்பும்? நகத்தை எடுத்துவிட்டு ஓரடி முன்னே போனேன்.

அந்த ஓரடிக்குள் சம்மட்டி அலமாரியில் இறங்கியது. ஃபிரேம்களும் சில்லுகளும் தரையெல்லாம் சிதறின. தடுக்கப் போன அண்ணனை ஒருவன் வயிற்றில் உதைத்தான். மடிந்து விழுந்தவன் விலாவில் இன்னொருவன் கடப்பாரையின் மழுங்கின முனையால் குத்தினான். அண்ணன் கத்தவில்லை, மூச்சுதான் விசிலடித்தது. "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்," என்றது காது. நான் இடது பக்கம் நகர்ந்தேன். சத்தியமாக நகர்ந்தேன். கால் தானாகப் போனது, பழக்கதோஷம்.

துரட்டி அண்ணனின் பிடரியைப் பிடித்துத் தூக்கி மேஜைக் கண்ணாடியில் மோதினான். மேஜை உடைந்தது. மறுபடி மோதினான். அந்த முறை உடைந்தது அண்ணன் போட்டிருந்த கண்ணாடி. "வாலு!" என்று அலறினான். யாரைக் கூப்பிடுகிறான் என்று துரட்டி திரும்பினான், அவன் முகம் முழுசாகப் படத்தில் விழுந்தது.

"கிடைச்சுது! சூப்பர்ம்மா!" என்றார் ஆசிரியர்.

டேப்பைப் பிய்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் கனவில் வருகிறது. பொட்டு பளிச்சென்று எரிந்ததும் ஓங்கிய சம்மட்டி அந்தரத்தில் நின்றது. துரட்டியின் முகத்தில் முதலில் பயம், பின்னாலேயே ஒரு சிரிப்பு. பிடரியைப் பிடித்திருந்த அதே கையால் அண்ணனைத் தாங்கி நிமிர்த்தினான். சட்டையில் ஒட்டியிருந்த சில்லுகளைத் தட்டிவிட்டான். "பாத்து சார், பாத்து. வழுக்கிடுச்சா?" என்றான். ஒருவன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். அவர்களே வண்டி பிடித்து, அவர்களே ஏற்றி, தலைக்கு ஒரு துண்டை மடித்தும் வைத்தார்கள். அண்ணனின் வலது கண்ணிலிருந்து ரத்தம் அந்தத் துண்டில் ஊறிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஆபீஸ் டிரைவர் நின்றிருந்தார். சார் உடனே கேட்டார் என்று கேமராவையும் பையையும் வாங்கிக்கொண்டு போனார். நானும் நிம்மதியாகக் கொடுத்தேன். அவ்வளவு நம்பினேன் அந்த மனுஷனை.

கண் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். அண்ணி அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "நீ அங்கதானே நின்னுட்டிருந்த?" என்று கேட்டாள்.

"எல்லாம் பதிவாகியிருக்கு அண்ணி. சாயங்காலம் ஊரே பாக்கும். அவனுங்க ஒருத்தன்கூடத் தப்பமுடியாது."

"நீ அங்கதானே நின்ன?" என்று மறுபடியும் கேட்டாள்.

ஆறு மணிக்கு வார்டு டிவியில் எங்கள் செய்தி ஓடியது. ஆசிரியர் தலைவாரிப் பளபளவென்று உட்கார்ந்திருந்தார். "பழைய வணிக வளாகம் இன்று சுமுகமாக ஒப்படைக்கப்பட்டது. வெளியேறும்போது தவறி விழுந்த கடைக்காரர் ஒருவருக்கு நிறுவனத்தின் ஊழியர்கள் ஓடிவந்து உதவினார்கள்." படத்தில் துரட்டி என் அண்ணனைத் தாங்கி நிமிர்த்தினான், சட்டையைத் தட்டிவிட்டான். நான் டேப்பைப் பிய்த்த பிறகு வந்த படம் மட்டும். தொடர்ந்து கட்டட நிறுவனத்தின் விளம்பரம். அண்ணி எழுந்து போய் டிவியின் ஒயரைப் பிடுங்கினாள்.

மிக்ஸர் அக்காவுக்குப் போன் பண்ணினேன். எந்தக் கேமராவின் படம் ஜனங்களின் வீட்டு டிவிக்குப் போகவேண்டும் என்று கண்ட்ரோல் அறையில் பொத்தானை அழுத்துபவள் அவள்தான். கிசுகிசுத்தாள். "மத்தியானமே அந்தப் படத்தை எடுத்துட்டு அவர் கட்டடக் கம்பெனிக்குப் போனாருடி. மேல்மாடிக்கு வாடகையே வேண்டாம்னு எழுதி வாங்கிட்டு வந்துட்டாரு. நம்மகிட்ட இருக்கிறதை அழிக்கச் சொன்னாரு."

"அழிச்சுட்டியாக்கா?"

"நான் என்னைக்குடி சொன்ன வேலையை உடனே செஞ்சிருக்கேன்?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஆபீஸ் அடுத்த தெரு. செய்தி ஏழு மணி வரை ஓடும். நடந்து போனேனா ஓடினேனா என்று நினைவில்லை. சட்டையில் அண்ணனின் ரத்தம் காய்ந்து மொரமொரவென்று இருந்தது. காவலாளி அதைப் பார்த்துவிட்டு வழிவிட்டார். ஸ்டுடியோக் கதவைத் தள்ளினேன். எதிரே அவர் வாசித்துக்கொண்டிருந்தார், கேமராவில் பொட்டு எரிந்துகொண்டிருந்தது.

என்னைப் பார்த்தார். கொஞ்சமும் பதறவில்லை. பொட்டு எரிகிறதே, என்ன செய்துவிடுவாள் என்ற தைரியம். துரட்டியை அடக்கிய விளக்கு என்னை அடக்காதா? நான் மேஜை வரைக்கும் போய்விட்டபோதும் சிரிப்பை மாற்றாமல், "இதோ, நமது துணிச்சல் மிக்க ஒளிப்பதிவாளர்..." என்று ஆரம்பித்தார்.

அறைந்தேன். அண்ணன் வாங்கிய அதே அறை, அதே பக்கம். நாற்காலியோடு சுழன்றார். பிடரியைப் பிடித்து மேஜையில் மோதினேன். அது தடித்த கண்ணாடி, உடையவில்லை. மூக்குதான் உடைந்தது. வாசிக்க வைத்திருந்த தாள்களெல்லாம் சிவப்பாகின. அவர் மூச்சுத் திணறிக்கொண்டு கேமராவை நோக்கிக் கையை நீட்டினார்.

"எரியுது... ஏய், பொட்டு எரியுதும்மா..."

"தெரியும் சார்," என்று சொல்லி இன்னொரு முறை மோதினேன்.

கேமராவுக்குப் பின்னால் நின்றவர் வெலவெலத்துப்போய் லென்ஸைத் திருப்பப் பார்த்தார். அவர் தலையில் மாட்டியிருந்த ஹெட்போனிலிருந்து மிக்ஸர் அக்காவின் குரல் எனக்கே கேட்டது.

"இறக்காத. கிட்டப் போ. முகம் வேணும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஓரத்தில், வெளியே போகும் படத்தைக் காட்டும் டிவியில் பாதித் திரைக்கு ஆசிரியரின் ரத்த முகம். அக்கா இன்னொரு பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும், மறுபாதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை வந்தது. உடையாத அலமாரிகளுக்கு முன்னால், இரண்டு கண்ணும் முழுசாக, என் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.