முப்பத்தொன்றாம் பக்கம்

மார்லிஸ் ட்வெய்ட் பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போனது ஒரே காரியத்துக்காகத்தான். அந்த நிறைவுத் திட்டத்தைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வர வேண்டும்.

அடுத்த வருஷத்திலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ள வேண்டுமாம். சொந்தக்காரர் அல்லாத ஒருவரை வழிகாட்டியாகப் பிடித்து, அவரோடு அறுபது மணி நேரம் வேலை செய்து, கடைசியில் ஊர் முன்னால் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். இல்லையென்றால் பட்டமளிப்பு அங்கி கிடையாது. அறுபது மணி நேரம்! ட்வெய்ட் பண்ணையில் அறுபத்திரண்டு மாடுகள். காலை ஐந்து மணிக்குக் கறவை, மாலை ஐந்து மணிக்குக் கறவை. கறக்க இருப்பது அவளும் அவள் மகள் பிரின்னும் மட்டும். கணவன் எப்போதோ பனி விழாத ஊராகப் பார்த்துக் கிளம்பிவிட்டான். பிரின் எவன் பின்னாலோ அறுபது மணி நேரம் சுற்றினால் மாலைக் கறவையை யார் பார்ப்பது? அவளுடைய கோபம் மொத்தமும் இதுதான். இதைக் கூட்டத்தில் சொல்ல முடியுமா? அதனால் மனுவின் தலைப்பில் 'பெற்றோர் உரிமை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள்.

தேவாலய விருந்திலும் பாலாடைக்கட்டி ஆலை வாசலிலும் மதுக்கடையிலும் அலைந்து இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கியிருந்தாள். ஏழு உறுப்பினர்களில் மூன்று பேர் ஏற்கெனவே அவள் பக்கம். நான்காவது ஆளுக்கு அந்த மனு போதும்.

கூட்டம் உடற்பயிற்சிக் கூடத்தில். வாசலில் அன்றைய கூட்டத்துக்கான காகிதக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள், தலைக்கு ஒன்று, நாற்பது பக்கம். அந்த ஊரில் அந்தக் கட்டை எல்லோரும் எடுப்பார்கள், யாரும் படிக்க மாட்டார்கள். பிப்ரவரிக் குளிரில், உட்காரப் போட்டிருக்கும் இரும்புப் பலகைகள் உயிரை வாங்கும், ஆகவே கட்டை அடியில் போட்டு உட்காருவார்கள். மார்லிஸும் அப்படித்தான் உட்கார்ந்தாள்.

அவள் பெயரைக் கூப்பிட்டதும் ஒலிவாங்கியின் முன்னால் போய் நின்றாள். பொதுமக்கள் பேச மூன்று நிமிஷம். யார் என்ன கேட்டாலும் வாரியம் பதில் சொல்லக் கூடாது, அது விதி. பதில் வராது என்ற தைரியத்தில்தான் அங்கே பாதிப் பேர் வீரம் பேசுவதே.

"டார்லீன், உன்னைத்தான் கேக்குறேன்," என்றாள் வாரியத் தலைவியைப் பார்த்து. "எம் பொண்ணு பத்து வயசுல மாட்டு வயித்துலேர்ந்து கன்னுக்குட்டிய இழுத்து வெளிய போட்டவ. உம் பொண்ணு அந்த வயசுல பொம்மைக்குத் தலை வாரிக்கிட்டு இருந்தா. பிரின்னுக்கு நீங்க என்னத்தக் கத்துக்குடுத்துக் கிழிக்கப் போறீங்க?"

"சரியாப் போடு, மார்லிஸ்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். கைதட்டல் வேறு.

"எம் பிள்ளைக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். எவனும் வந்து வழிகாட்ட வேணாம். வாயில என்ன வச்சிருக்கே, டார்லீன்? பதில் சொல்லேன்!"

டார்லீன் அவளை வெறுப்போடுதான் பார்த்தாள். இருபது வருஷத்து வெறுப்பு, எளிதில் போகாது. "நான் பதில் சொல்லக் கூடாது," என்றாள். "ஆனா பக்கம் சொல்லலாம். முப்பத்தொண்ணு. உரக்கப் படி. அவ்ளோ தெரியும்ல உனக்கு?"

மார்லிஸ் விடுவாளா? பலகையில் கிடந்த கட்டை எடுத்து வரச் சொல்லி வாங்கினாள். முப்பத்தொன்றாம் பக்கத்தில், சோதனை முயற்சியாக, விருப்பப்பட்ட பிள்ளைகள் எழுதிக் கொடுத்த திட்டங்களில் ஒன்று இருந்தது. பிள்ளையின் பெயர் மேல் கறுப்பு மை. தலைப்பைக் கிண்டலாக நீட்டி முழக்கிப் படித்தாள்.

"'ஒரு பால் பண்ணையை நல்லபடியாக மூடுவது எப்படி.' ஆகா, கேட்டுக்குங்கய்யா! 'எங்கள் பண்ணையில் அறுபத்திரண்டு மாடுகள். நீலக் கோபுரத்தில் தீவனம் வைத்திருக்கிறோம்...'"

நீலத் தீவனக் கோபுரம் அந்த வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான். ஆயிரம் பேர் இருக்கிற ஊரில் பெயரை மையால் மறைத்து என்ன புண்ணியம்? எல்லோரும் மார்லிஸையே பார்த்தார்கள். நிறுத்தியிருக்கலாம். கண் அடுத்த வரிகளுக்கு ஓடிவிட்டது, வாயும் பின்னாலேயே ஓடியது.

"'அம்மா கறவை எந்திரத்தை இப்போது இடது கையால்தான் தூக்குகிறார். வலது தோள் போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறார். வழிகாட்டி: ஆர்டன் கிராஃப்ட், மாட்டு ஏலக்காரர். ஏலம், என் பட்டமளிப்புக்கு மறுநாள். அம்மா இதற்குச் சம்மதிக்க மாட்டார். இந்தத் திட்டத்தில் கடினமான பகுதி அதுதான்.'"

கீழே பெற்றோர் கையொப்பம் என்ற இடம் காலியாக இருந்தது. மூன்று நிமிஷம் முடிந்ததற்கான மணி அடித்தது.

மூன்றாவது வரிசையில் ஆர்டன் கிராஃப்ட் தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். மார்லிஸுக்கு அவன் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. அவமானத்தில் காது எரிந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பையில் வைத்தாள். மனுவையும் மடக்கி மேல்சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

"மனுவ குடுக்காமப் போறியே?" என்றாள் டார்லீன்.

"அடுப்பெரிக்க ஆகும்."

வீட்டுக்கு வந்தபோது பிரின் கடைசி நாலு மாடுகளைத் தனியாகக் கறந்துகொண்டிருந்தாள். மார்லிஸ் அந்தப் பக்கத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எதிரிக்கும் செய்ய மாட்டேன் இந்தத் துரோகத்த. ஏலக்காரன்கிட்ட போய் உக்காந்திருக்கியேடி!"

"உங்கிட்ட மூணு தடவ சொன்னேன். மூணு தடவையும் எந்திரிச்சுப் போயிட்ட."

"அதுக்கு ஊரக் கூட்டி வச்சுச் சொல்லுவியா?"

"நான் கூட்டலம்மா. நீதான கூட்டின? வீடு வீடாப் போயி."

மார்லிஸ் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். காகிதத்தைச் சுவரில் வைத்து அழுத்தப் பார்த்தாள். வலது கை தோள் உயரத்துக்கு எழும்பவில்லை. மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது தெரிந்தது, அது இன்னும் எரிச்சலாக இருந்தது. பக்கத்தில் நின்ற மாட்டின் முதுகில் காகிதத்தைப் போட்டு, கிழிந்துவிடுகிற மாதிரி கையெழுத்துப் போட்டாள்.

"இத சம்மதம்னு நெனச்சுக்காத," என்றாள். "ஊர் முன்னாடி நின்னு பேசுவேல்ல, அன்னிக்கு முன் வரிசைல நான் இருப்பேன். அறுபத்திரண்டு மாட்டுக்கும் பேர் சொல்லிச் சொல்லிக் கேள்வி கேப்பேன். அங்க மூணு நிமிஷக் கணக்கெல்லாம் கெடையாது."