ரயில் ரத்து

1

இந்தக் கதைக்குக் காரணம் நாத்தனார் ஒலீவா. "எழுதுங்க அண்ணி, மனசு லேசாகும்" என்றாள். மலச்சிக்கலுக்குப் பப்பாளி சொல்வதும் இதே குரலில்தான். பப்பாளி வேலை செய்தது. அதனால் எழுதுகிறேன்.

ஆன்டியோக்கியா மலைகளின் மேல் மழை மெல்ல

இல்லை. எங்கள் மலைகளில் மழை எதையும் மெல்லச் செய்வதில்லை.

2

திங்கட்கிழமையும் விடுமுறையாக வாய்த்த ஒரு வாரக் கடைசியில் நூபியாவும் அவள் கணவன் கில்டார்தோவும் மெதெயின் நகரத்திலிருந்து மலைக்குப் போனார்கள். (நூபியா நான் இல்லை. அவளுக்கும் இடது முழங்கால் வலிப்பது தற்செயல்.) சனிக்கிழமை அருவி பார்க்க நடந்தார்கள். பாதி வழியிலேயே அருவி தலைமேல் விழத் தொடங்கியது. ஞாயிறு, சைக்கிள். தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்ட பழைய ரயில் பாதை. ஏற்றமே தெரியாது என்று அவன் சத்தியம் செய்திருந்தான். ரயிலுக்குத் தெரியாதுதான். ரயிலுக்கு முழங்கால் கிடையாதே.

3

வழியில் வந்த பழைய ரயில் சுரங்கத்தின் வாசலில் மழைக்கு ஒதுங்கினார்கள். இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

"மழை வரும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே கிழவி. நீ கூப்பிட்டுத்தான் வந்திருக்கு."

"திரும்பிடலாம்யா."

"இன்னும் ரெண்டே கிலோமீட்டர். பலோமார் ஸ்டேஷன்ல ஒருத்தி சுடச்சுட வெல்லத் தண்ணியில சீஸ் போட்டுக் குடுப்பா. குடிச்சா உன் முழங்கால் தன்னால ஓடும்."

"யாரு அந்த ஒருத்தி?"

"அவளுக்கு எண்பது வயசு."

"போன மாசம் எழுபதுன்னியே!"

"மழையில நனைஞ்சு வயசாயிருக்கும். இரு, அந்தப் பக்கம் விட்டிருச்சான்னு பாத்துட்டு வரேன். விட்டிருந்தா கத்தறேன்."

கத்துவது என்றால் 'ரயில்!' என்று கத்துவது. அவர்கள் கல்யாணத்துக்கு முன்பே கடைசி ரயில் போய்விட்டது. ஆனாலும் அந்தச் சுரங்கத்தில் எல்லோரும் அப்படித்தான் கத்துவார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு இருட்டுக்குள் போனான். நானூறு மீட்டர். வெகுநேரம் கழித்து:

"ரயி... ல்!"

நூபியா வாயருகே கையைக் குவித்தாள்.

"ரயில் ரத்து!"

முதலில் அவன் சிரிப்பு சுரங்கத்துக்குள் உருண்டு வந்தது. பிறகு அவன் வந்தான். வீடு திரும்பினார்கள்.

4

நிலச்சரிவை எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும். எட்டு மாதம் கழித்து, மழையே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, கணையத்தில் வந்த நோயால் செத்துப்போனான். அதுவரை பார்த்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தான். ஊசி போட வந்த நர்ஸிடமும். "நான் அங்க நின்னு கத்தறேன், இவ ரயில் ரத்துங்கறா!" நர்ஸ் சிரித்தாள். நூபியாவும் சிரித்தாள்.

(மழை வரும் என்று சொன்னதில் நான் சரி. ஆனால் அந்தப் பக்கம் விட்டிருந்தது. விட்டிருந்ததால்தானே கத்தினான்? 'நான்' என்று வந்திருக்கும் இடத்தில் 'நூபியா' என்று திருத்திக்கொள்ளவும்.)

5

மாற்று முடிவு: "வரேன்யா!" என்கிறாள் நூபியா. இருவரும் பலோமார் போய்ச் சேர்கிறார்கள். அங்கே

அங்கே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. அடுப்பு எந்தப் பக்கம், அவளுக்கு எழுபதா எண்பதா, அப்படி ஒருத்தி இருக்கிறாளா என்பதே தெரியாது. பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஒலீவாவும் கூட வருகிறேன் என்றாள். எனக்குத்தான் முழங்கால் வலி.

எட்டுத் தடவை எழுதிவிட்டேன். 'வரேன்' என்று எழுதப் போகும் ஒவ்வொரு தடவையும் கை அந்த இரண்டு சொல்லுக்கே போகிறது. நல்ல நகைச்சுவை, அதுதான் பிரச்சினை. மனசு லேசாகிறதாம்.

அதனால் அவனைச் சுரங்கத்தின் அந்தப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். மழை விட்டிருக்கிறது, ஷூ ஈரம். இப்போதுதான் 'ரயில்' என்று கத்தினான். தலையைச் சாய்த்துப் பதிலுக்குக் காத்திருக்கிறான். இந்தப் பக்கம் நீங்கள் நிற்கிறீர்கள். முழங்கால் நன்றாக இருக்கிறவர் யாராவது ஏதாவது சொல்லுங்கள்.

என்னிடம் மட்டும் கேட்காதீர்கள்.